காலிப் பாக்கெட் கணக்கு

மாதத்தின் கடைசி இரண்டு நாளில் விற்பனைப் பிரதிநிதிகளின் போனைக் கேட்டிருக்கிறீர்களா? "அண்ணே, ஒரு இருபது பெட்டி இறக்கிக்கங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பதுதான் பாட்டு. நானும் சில வருடம் பாடியவன். ஏஜென்ட் முனகிக்கொண்டே இறக்குவார். கம்பெனிக் கணக்கில் டார்கெட் முடிந்துவிடும். சரக்கோ குடோனில் தூங்கும். அடுத்த மாதம் பாதிக்கு மேல் ரிட்டர்ன் வரும். அதற்குள் இன்சென்டிவ் வாங்கியாகியிருக்கும்.

சரக்கை எந்த இடத்தில் எண்ணுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். இதை எனக்குப் புரியவைத்தது ஒரு ஷாம்பு. கடலூர்க்காரரான சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் ஆரம்பித்த 'சிக்' ஷாம்புதான். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். அடுத்தவன் சரக்குக்கும் சேர்த்து இலவசமா என்று கடைக்காரர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் ஏற்கெனவே ஷாம்பு போடுகிறவர்கள் கையில் சிக் போய்ச் சேர்ந்தது. அது நடந்த பிறகு விதியை மாற்றினார்: ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமானது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

முதலில் ஒருமுறை போட்டுப் பார்க்கவைப்பது, பிறகு மறுபடி வாங்கவைப்பது. இரண்டையும் அவர் ஒரே நாளில் கேட்கவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் காலிப் பாக்கெட். யாரோ ஒருவர் தலைக்குக் குளித்திருந்தால்தான் அது காலியாகும். குடோனில் அடுக்கிவைத்து அந்தக் கணக்கைக் காட்ட முடியாது.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி இதற்கு நேரெதிர். ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டு சேவைகளைக் கட்டுவது அங்கே இலக்காக இருந்தது. எண்ணிக்கை வராவிட்டால் வேலை போகும் என்ற பயத்தில், ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். 2016-ல் விஷயம் வெடித்தது, 18.5 கோடி டாலர் அபராதம். அந்த விவகாரத்தில் வேலையிழந்தவர்கள் சுமார் 5,300 பேர். எட்டு என்று எழுதிக்கொடுத்த மேலிடம் அப்போது அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊறுகாய் போட்டு விற்கிறீர்களோ, பத்து பேரை வைத்து ஏஜென்சி நடத்துகிறீர்களோ, அடுத்த மாத டார்கெட் எழுதும் நோட்டில் ரூபாய்க்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் போடுங்கள்: போன மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த மாதமும் வந்தார்கள்?