முடிவிலிருந்து படிப்பது

தற்கொலை செய்துகொண்ட கவிஞனைப் படிப்பதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. முடிவு தெரிந்துவிட்டதால் எல்லா வரிகளும் அதை நோக்கியே போய்க்கொண்டிருந்ததாகச் சொல்லிவிடலாம். 1984இல் இறந்துபோன ஆத்மாநாமை இன்றும் இப்படிப் படிப்பவர்கள் உண்டு. அவருடைய கிண்டலும் அரசியல் கோபமும்கூட இவர்களுக்கு மரணத்தின் முன்னறிவிப்புத்தான். இதை விமர்சனச் சோம்பல் என்று சொல்லிவந்திருக்கிறேன். விஞ்ஞானத்துக்கும் இந்தச் சோம்பல் வரும் என்பது மூளைப் படங்களைப் பற்றிய கட்டுரைகளைப் படித்தபோது தெரிந்தது. (ஒரு வங்கி குமாஸ்தா இவற்றைப் படிக்க நேர்ந்த காரணம் பின்னால் வரும்.)

2017இல் அமெரிக்காவில், கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் மார்சல் ஜஸ்டும் சகாக்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். தற்கொலை எண்ணம் கொண்ட 17 பேர், அது இல்லாத 17 பேர். எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள் படுக்கவைத்து 30 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவற்றைப் பற்றி நினைக்கச் சொன்னார்கள். மரணம், கொடுமை, தொல்லை, கவலையின்மை, நல்லது, பாராட்டு – இந்த ஆறு சொற்களுக்கு மூளை காட்டும் சலனத்தை வைத்தே 34 பேரில் 31 பேரைச் சரியாக இனம்பிரித்துவிட்டதாகச் சொன்னார்கள். 'பாராட்டு' என்ற சொல் இருவேறு மண்டைகளுக்குள் இருவேறு பொருளாகிறது என்பதற்குப் பௌதிகச் சான்று கிடைப்பதென்றால், பி.ஏ. இங்கிலீஷ் படித்த எவனுக்கும் கிளர்ச்சி ஏற்படத்தான் செய்யும்.

2023இல் அந்தக் கட்டுரை வாபஸ் பெறப்பட்டது. எந்தச் சொற்கள், மூளையின் எந்த இடங்கள் என்பதைப் பொறுக்கியெடுக்கப் பயன்பட்ட அதே ஆட்களை வைத்தே கணிப்பு பலித்ததா என்றும் பார்த்திருக்கிறார்கள் என்பது ஆட்சேபம். முடிவைத் தெரிந்துகொண்டு வரிகளைப் பொறுக்குவது – நாம் செய்வதுதான்.

இதனால் எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. மனச்சோர்வின் ஆழம் மட்டுமே தற்கொலை முயற்சியை விளக்கிவிடாது, வேறு ஏதோவும் சேர்கிறது என்ற சந்தேகம் பழையது. 1976இலேயே ஸ்டாக்ஹோமில் மேரி ஆஸ்பெர்க், மனச்சோர்வு நோயாளிகளின் தண்டுவடத் திரவத்தில் செரோடோனின் சிதைந்து உண்டாகும் ஒரு பொருளை அளந்து, அது குறைவாக இருந்தவர்களிடையே தற்கொலை முயற்சிகள் அதிகம் என்று கண்டார்.

என்னை அதிகம் பாதித்தது ஃபாப்ரீஸ் ஜொலான் 2008இல் வெளியிட்ட ஆய்வு. மனச்சோர்வு வந்து, குணமாகி, இப்போது சாதாரணமாக இருக்கும் ஆண்கள். ஒருகாலத்தில் தற்கொலைக்கு முயன்றவர்கள் ஒரு பிரிவு, முயலாதவர்கள் மறு பிரிவு. இவர்களுக்கு முகங்களின் படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைப் பார்க்கையில், முயன்றவர்களின் மூளையில் மட்டும் வலது கண்குழிக்கு மேலுள்ள ஒரு பகுதி கூடுதலாக விழித்துக்கொண்டது. நோய் போன பின்னும், அந்நிய முகத்தின் கோபம் அவர்களுக்குள் எங்கோ போய்த் தைக்கிறது.

எங்கள் கிளையில் எனக்கு இரண்டு கவுன்டர் தள்ளி உட்காருபவன் சில வருஷங்களுக்கு முன் இறக்க முயன்று, பிழைத்து, வைத்தியம் பார்த்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியவன். கடன் என்றார்கள், குடும்பம் என்றார்கள், கோழைத்தனம் என்று ஒருவர் தீர்ப்பே சொன்னார். செக் திரும்பிவந்த வாடிக்கையாளன் என்னை முறைத்தால் அது சம்பளத்தில் சேர்த்தி. அவனை முறைத்தால், ஆள் போய் வெகுநேரத்துக்குப் பிறகும் பேனாவைத் திறந்தபடி வைத்துக்கொண்டிருப்பான். அந்த ஆய்வு இவனைப் பற்றியது என்று சொல்ல மாட்டேன். முயன்றவர்கள் மொத்தம் 13 பேர்; அவர்களுடைய சராசரி ஒரு தனிமனிதனைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் கோழை என்ற சொல்லை அதற்குப் பின் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

2017இல் வந்த இன்னொரு கட்டுரை, 50 வருஷத்து ஆய்வுகள் 365ஐத் திரட்டி, தற்கொலையை முன்கூட்டிச் சொல்லும் நம் திறமை காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சமே மேல் என்றது. அதைப் படித்த வாரம் டீ குடிக்கப் போனபோது அவனிடம் நேராகவே கேட்டேன், இப்பவும் அந்த நினைப்பு வருதா என்று. கேட்டால் நினைப்பைக் கிளறிவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை.

"எப்பவாச்சும். வந்தா உங்கிட்ட சொல்றேன்டா" என்றான். பிறகு வேறு பேசினோம்.

செக் திரும்பிய ஆசாமிகளை என் கவுன்டருக்கு அனுப்பும்படி பியூனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மாத முதல் வாரத்துக் கூட்டத்தில் அது நடப்பதில்லை.