ஒடிந்த கொம்பு விழும் இடம்

ஏரியூர்ப் பக்கம் முருங்கைக்கு யாரும் விதை தேடி அலைவதில்லை. காற்றில் முறிந்த போத்தை வேலியோரம் ஊன்றினால் தழைத்துவிடும். மேட்டூர் அணைத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த எனக்குக் கடல் தூரம்தான். ஆனாலும் மன்னார் வளைகுடாவின் கிளைப் பவளங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்தப் போத்துதான் கண்ணில் நின்றது.

மான்கொம்பு மாதிரி கிளைவிடும் அக்ரோபோரா பவளம் புயல் அலையில் எளிதில் முறியும். முறிந்ததும் செத்துவிடாது. ஒரு கிளையில் எத்தனையோ பவளப்பூச்சிகள் ஒட்டி வாழ்கின்றன. மேலே மெல்லிய தசை, அடியில் அவை கட்டிய சுண்ணாம்புக் கூடு. தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலை வாங்கி உணவு செய்து தருகிறது. துண்டு கெட்டியான பாறையில் ஆடாமல் கிடந்தால் போதும்: தொட்ட இடத்தில் தசை பரவும், சுண்ணாம்பு படியும், சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு புது நுனிகள் மேலே கிளம்பும். அந்த நுனிகள் வெள்ளையாக இருப்பது நோயல்ல. வளர்ச்சியின் வேகத்துக்குப் பாசி இன்னும் அங்கே வந்து சேரவில்லை. நல்ல இடத்தில் ஆண்டுக்குப் 10 சென்டிமீட்டர் போல நீளும்.

மணலில் விழுந்த துண்டு புதைந்துபோகும். சல்லிக்கு நடுவே உருண்டுகொண்டே இருந்தால் தசை தேய்ந்துவிடும். சின்னத் துண்டுதான் முதலில் சாகும்.

கெட்டியான தரை இருந்தால் முறிந்த துண்டும் பிழைக்கும்; அதனால் எனக்குப் புயல்மேல் கோபம் இல்லை. பவளத்தின் தரையையே பெயர்த்ததுதான் நெஞ்சை அறுக்கிறது. தூத்துக்குடிக் கடலில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளக்கல் வெட்டினார்கள். 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் வெட்டு உடனே நிற்கவில்லை. அந்தப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளப் பாறை போன இடத்தில், முறிந்த கொம்பு ஒட்டிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல், பவளத் துண்டுகளைச் சிமென்ட் பலகையில் கட்டி, கான்கிரீட் சட்டத்தின்மேல் கடலடியில் வைத்து வளர்த்துவருகிறார்கள். முன்பு இயற்கைப் பாறை செய்த வேலையை இப்போது அந்தப் பலகை செய்கிறது. அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

வெப்பம்தான் பெரிய கவலை. கடல் சூடேறினால் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். உணவு குறைந்த துண்டால் முறிவுக் காயத்தை எளிதில் மூட முடியாது. 2010லும் 2016லும் மன்னார் வளைகுடா அப்படித்தான் வெளுத்தது. வேகமாக வளரும் கிளைப் பவளத்துக்கே அடி அதிகம். கடல் சூடேறிக் கிடக்கும் சமயத்தில் தொலைவில் ஒரு புயல் கடந்து, ஆழத்துக் குளிர்ந்த நீரைக் கலக்கிவிட்டால், பவளத்துக்கு அதுவே பிழைக்க வழியாகிவிடுவதும் உண்டு.