முள்ளின் சாட்சியம்

ஸர்ஃபுப் பாடம் தொடங்கும் நாளில் மாணவர்க்கு நான் தவறாது கூறுவது ஒன்றுண்டு: சொல்லின் உருவைக் கண்டு மயங்காதீர், மூலத்தைத் தேடுங்கள். ‘கால’ என்றால் சொன்னான். ‘பாஅ’ என்றால் விற்றான். இரண்டின் நடுவிலும் நிற்பது அலிஃப். ஆயினும் முன்னதன் மூலத்தில் வாவும், பின்னதன் மூலத்தில் யாவும் மறைந்துள்ளன. முப்பதாண்டுகள் இதனைக் கற்பித்த நான், கீழக்கரைக் கடற்கரையில் ஒருநாள் இதனை மறந்தேன்.

வலையிலிருந்து உதறிய குப்பையில் இரு பொருள்கள் கிடந்தன. ஒன்று, எங்கும் சிறு துளைகள் விழுந்த சிப்பி. துளைகளுள் மஞ்சள் நிறச் சதை. மற்றொன்று, சிப்பியேதுமற்ற மஞ்சட் கட்டி. உடன் வந்தவர் முன்பு என்னிடம் ஓதியவர். பின்னர் விலங்கியல் பயின்றவர்.

“இரண்டும் கடற்பஞ்சுகளே, ஹஜ்ரத்” என்றார்.

“இருக்கலாம். ஆனால், வெவ்வேறு இனம்” எனத் தீர்ப்பளித்தேன்.

அவர் மறுக்கவில்லை. எரிசாராயத்தில் இட்டால் நிறம் மங்கிவிடும் என்று, நிறத்தையும் வடிவையும் முதலில் குறித்துக்கொண்டார். பின்னர் ஆய்வுக்கூடத்தில், ஒவ்வொன்றிலும் நகக்கண்ணளவு கிள்ளி, துணி வெளுக்கும் திராவகத்தில் இட்டார். சதை கரைந்தது, அடியில் வெண்தூள் தங்கியது. அதனைப் பன்முறை கழுவி நுண்ணோக்கியில் வைத்தார். தூள் முழுவதும் கண்ணாடி ஊசிகள்! கடல்நீரில் கரைந்துள்ள சிலிக்காவைக் கொண்டு அவ்வுயிர் தனக்கெனச் சமைத்துக்கொண்ட எலும்புக்கூடு அது. ஒருமுனை கூர்மை, மறுமுனையில் உருண்டைத் தலை, குண்டூசியேதான். இரண்டிலும் அவ்வாறே இருந்தது.

“அப்படியாயின் ஒரே இனம்!” என்றேன்.

“அதையும் இப்போது கூறவியலாது, ஹஜ்ரத். சிப்பியைத் துளைக்கும் கிளியோனாவிலும் குண்டூசி முள் உண்டு; துளைக்காத சுபரைட்டிஸிலும் உண்டு. கிளியோனாவிலும் சில, சிப்பியை அரித்துத் தீர்த்தபின் கட்டியாக வளரும். முட்களை அளக்கவேண்டும், முறுக்கிய நுண்முட்களும் உடனுள்ளனவா எனத் தேடவேண்டும், சதையை மெல்லிதாகச் சீவி, முட்கள் அடுக்கப்பட்டுள்ள முறையையும் காணவேண்டும்.”

இலங்கை முத்துப்பார்களில் 1902-ஆம் ஆண்டு ஹெர்ட்மன் திரட்டிய பஞ்சுகளைப் பற்றி டெண்டி 1905-இல் எழுதிய அறிக்கையை எடுத்துக் காட்டினார். முட்களின் வடிவும் அளவும் அதில் பதிவாகியுள்ளன. நூறாண்டு கடந்தும் ஒருவர் ஒப்புநோக்கிச் சரிபார்க்கலாம்.

ஒரே நாளில் நான் இருமுறை தீர்ப்பளித்துவிட்டேன். அவர் ஒன்றும் அளிக்கவில்லை. புட்டிகளில் ஒட்டிய சீட்டுகளில் இடமும் நாளும் நிறமும் எழுதி, இனத்தின் பெயருக்குரிய இடத்தை வெறுமையாய் விட்டிருந்தார்.

நம் ஆலிம்கள் ஃபத்வாவின் முடிவில் ‘வல்லாஹு அஃலம்’ என்றெழுதுவர். நானும் பலமுறை எழுதியுள்ளேன். அதன் பொருளை அந்த வெற்றிடத்தில் படித்தேன்.