பக் இல்ல மச்சி, பிசிக்ஸ்!

எம்.எஸ்ஸி. பிசிக்ஸ், கடைசி செமஸ்டர். எல்லோரும் ஈஸியா ஒரு ப்ராஜெக்ட் எடுக்க, நான் மட்டும் கெத்தா லிக்விட் கிரிஸ்டல் எடுத்தேன். லேப் கிடையாது, கெமிக்கல் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் சமன்பாடு, அவ்வளவுதான்.

லிக்விட் கிரிஸ்டல்னா கால்குலேட்டர் டிஸ்ப்ளேல இருக்கிற அதே சமாச்சாரம். தண்ணி மாதிரி ஓடும். ஆனா, குச்சி குச்சியான அதன் மூலக்கூறுகள் பக்கத்துல இருக்கிறதைப் பார்த்து ஒரே திசையில் திரும்பி நிற்கும். சில இடங்களில் திசை ஒத்துப்போகாமல் சிக்கிக்கொள்ளும். அதுக்குப் பேர் 'டிஃபெக்ட்'. உங்க கட்டைவிரலைப் பாருங்க. ரேகை யு-டர்ன் அடிக்கிற இடம் ஒரு வகை. மூணு பக்கமா பிரியுற முச்சந்தி இன்னொரு வகை. முதலாவது பிளஸ் அரை, அடுத்தது மைனஸ் அரை. ரெண்டும் ஒன்றையொன்று இழுத்து, மோதி, காணாமல் போகும். மைக்ராஸ்கோப்பில் தெரியும் கோலம் மாறிக்கிட்டே இருக்க இதுவும் ஒரு காரணம்.

அந்த மோதலை கம்ப்யூட்டரில் நடத்துவதுதான் என் வேலை. திரவம் ஓடாதுன்னு வெச்சுக்கிட்டப்ப, ரெண்டும் கரெக்டா நடுவுல சந்திச்சுது. ஓட்டத்தையும் சேர்த்தேன். பிளஸ் பாய்ஞ்சு வந்தது, மைனஸ் சோம்பேறியா நகர்ந்தது. சந்திப்பு ஒரு பக்கமா ஒதுங்கிடுச்சு!

'ப்ரோக்ராம்ல பக்' என்று மூணு வாரம் தேடினேன். ஒண்ணும் சிக்கலை. ரூம்மேட் ஐடியா கொடுத்தான்: "மச்சி, ஓட்டத்தை ஆஃப் பண்ணிட்டு அந்த கிராஃபையே ஒட்டிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

ஒட்டிட்டேன். பிரின்ட்டும் எடுத்தாச்சு. ஆனா கைடு ரூம் வாசல்ல கால் நகரலை. உள்ளே போய் உண்மையைச் சொல்லிட்டேன்.

சார் திட்டலை, சிரிச்சார். "1888-ல ரெய்னிட்சர்னு ஒரு தாவரவியல்காரர். அவர் பொருள் 145.5 டிகிரியில் உருகி கலங்கலா நின்னுச்சு, 178.5-ல தெளிஞ்சுது. ரெண்டு உருகுநிலையா? அழுக்கு கலந்திருக்குன்னு அவர் தூக்கிப் போட்டிருந்தா, உனக்கு ப்ராஜெக்ட்டே கிடையாதுப்பா!"

பிறகு ஒரு பேப்பரை நீட்டினார். டோத், டென்னிஸ்டன், யோமன்ஸ் மூணு பேரும் 2002-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாங்க. குச்சிகள் திரும்பும்போது சுற்றியுள்ள திரவத்தையும் இழுக்கும். பிளஸ் அரைக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. அதனால் கிளம்புற ஓட்டம் அதையே முன்னால் தள்ளும். முச்சந்திக்கு மூணு பக்கமும் ஒரே மாதிரி. அங்கே அந்தத் தள்ளல் கிடையாது. 2005-ல் சோதனையிலும் இந்த வேக வித்தியாசத்தைப் பார்த்துட்டாங்க.

நான் மறைக்கப் பார்த்ததுதான் என் ப்ராஜெக்ட்டின் ஒரே உருப்படியான ரிசல்ட்! ராத்திரியோடு ராத்திரியா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு, கோணலான கிராஃபை ஒட்டினேன்.

வைவாவில் எக்ஸ்டர்னல் முதல் கேள்வியே அதுதான்: "ஏம்ப்பா, நடுவுல சந்திக்கலையே?"

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். திணறாம நான் பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான்.