ஈர முடி, இரண்டு ஹேர்பின்

'கில்டா'வில் ரீட்டா ஹேவொர்த் முதன்முதலாக வரும் இடம். 1946-இல் வந்த படம். ஃப்ரேமுக்குக் கீழேயிருந்து தலையைச் சிலுப்பிக்கொண்டு நிமிர்கிறார். முடி பின்னால் போய் விழுகிறது. விழுந்து, கொஞ்சம் தாமதித்து, அடங்குகிறது.

அந்தத் தாமதம்தான் எனக்கு வேண்டும்.

ஸ்ப்ரே அடித்து இறுக்கிய முடிக்கு அது வராது.


ஈர முடி. விரல். சுருளுக்கு இரண்டு ஹேர்பின். ஒரு ராத்திரி.

பின் கர்ல் என்பது அவ்வளவுதான். சூடு கிடையாது. கரண்ட் கிடையாது.


முடிக்குள் கெரட்டின். கெரட்டினுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் பட்டால் விட்டுவிடும். காய்ந்தால் திரும்பப் பிடிக்கும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்திலேயே பிடிக்கும்.

கந்தகப் பிணைப்பு வேறு. அது தண்ணீருக்கு மசியாது. மருந்து வேண்டும். பார்லரில் பெர்மிங் என்பது அது.


சென்னைக் காற்றே பாதித் தண்ணீர். கடற்கரைப் பக்கம் சாயங்காலம் போனால் முடியின் அலை தளர ஆரம்பித்துவிடும். அந்தப் படம் எடுத்த லாஸ் ஏஞ்சலஸ் நம்மூரைவிட உலர்ந்த ஊர்.

ஏசி அறையில் தாங்குகிறது. மார்கழிக் காலையில் ஓரளவு.


செய்யும் விதம். எனக்காகவே எழுதி வைக்கிறேன்.

வால் சீப்பின் முனையால் ஓர் அங்குலச் சதுரம் பிரி. சிக்கெடு. வேரிலிருந்து நுனி வரை சீப்பு தடங்காமல் போக வேண்டும். நுனியைப் பிடி. நுனி உள்ளே போகும்படி முதல் வட்டம். அங்கிருந்து தலைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே வா. வட்டத்துக்குள் வட்டம். தலையில் தட்டையாகப் படுக்க வேண்டும். நடுவில் துளை தெரிய வேண்டும். குறுக்காக ஒரு பின். அதன்மேல் இன்னொன்று.

நுனி வெளியே நீட்டிக்கொண்டு காய்ந்தால் கொக்கி விழும். மறுநாள் எவ்வளவு சீவினாலும் அந்தக் கொக்கி போகாது.


ஹேர்பின்னுக்கு ஒரு கால் நேர், ஒரு கால் நெளி. நெளிந்த கால் தலையைத் தொட வேண்டும். நேர்க்கால் மேலே.

எல்லார் தலையிலும் தலைகீழாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் முன் சீட்டைப் பார்த்தால் தெரியும்.

முனையில் இருக்கும் சின்ன உருண்டை உதிர்ந்துவிட்டால் அந்தப் பின்னைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மண்டையைக் கீறும்.

ஈர முடியில் கிடந்தால் துருவும் பிடிக்கும். தலையணை உறையில் சின்னச் சின்னப் பழுப்புக் கோடுகள்.


"சித்தி, உங்க தலை பூரா நத்தை உக்காந்திருக்கு."

"கையை வைக்காதடி. இன்னும் காயல."


வரிசைதான் முக்கியம். முதல் வரிசை முழுக்கக் கடிகாரச் சுற்று. அதன் கீழ் வரிசை எதிர்ச்சுற்று. அடுத்தது மறுபடி கடிகாரச் சுற்று.

இரண்டு வரிசையும் சந்திக்கும் இடத்தில்தான் அலையின் முகடு எழும். சுருளில் எழாது. இடைவெளியில் எழும்.

எல்லாவற்றையும் ஒரே பக்கம் சுற்றினால் சுருட்டை வரும். அலை வராது.


மார்செல் கிராட்டோ, பாரிஸ், 1872. சுட்ட இடுக்கியைத் திருப்பிப் பிடித்து அலை போட்டவர். மார்செல் வேவ் என்ற பெயர் அவரால் வந்தது.

கார்ல் நெஸ்லர், பெர்மிங் இயந்திரம் செய்தவர். முதலில் சோதித்தது மனைவியின் தலையில். முடி கருகியது. திரும்பவும் அவர் தலையிலேயே செய்தார்.

அந்த அம்மா பெயர் கத்தரீனா. இதையும் எழுதி வைக்க வேண்டும்.


வெரோனிகா லேக். நிஜப் பெயர் கான்ஸ்டன்ஸ் ஒக்கல்மன். புரூக்ளின்காரர். 1941-இல் 'ஐ வாண்டட் விங்ஸ்'. ஒரு கண்ணை மறைத்து விழும் முடி.

அந்த வருஷ நவம்பரில் 'லைஃப்' பத்திரிகை அவர் முடிக்கென்றே ஒரு கட்டுரை போட்டது. அளவு சகிதம். முன்னால் 17 அங்குலம். பின்னால் 24 அங்குலம். கழுவி முடித்து வினிகர் அலசல்.

ஒரு பெண்ணின் தலைமுடிக்கு அங்குலக் கணக்கு. பக்கத்துப் பக்கங்களில் ஐரோப்பாவின் போர்.


இரண்டு வருஷம் கழித்து, 1943. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெண்கள். பலரும் லேக் மாதிரி முடியை முகத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தில் சிக்கும் என்று அரசாங்கத்துக்குக் கவலை.

அவரையே கூப்பிட்டுச் சொன்னார்கள். முடியை ஏற்றிக் கட்டிக் காட்டினார். நியூஸ் ரீலில் ஓடியது. துளையிடும் இயந்திரத்தில் அவர் முடி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு போட்டோவும் எடுத்தார்கள்.

அதே வருஷம் 'ஸோ ப்ரௌட்லி வீ ஹெய்ல்'. போர்முனை நர்ஸ் வேஷம். முடி ஏறிவிட்டது. கண் இரண்டும் தெரிகிறது.


பின்னாளில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் மதுக்கூடப் பணிப்பெண்ணாக இருந்தார். ஒரு பத்திரிகைக்காரர் அடையாளம் கண்டு எழுதினார். 1973-இல் இறந்தார். வயது 50.


அந்தப் போரில் அமெரிக்காவில் ஹேர்பின்னுக்கும் தட்டுப்பாடு. எஃகு ஆயுதத்துக்குப் போனது.

கையிலிருக்கும் பின்னை ஒவ்வொன்றாக எண்ணிக் கிண்ணத்தில் போட்டு வைக்கும் பழக்கம் அங்கேயும் இருந்திருக்கும். என் அம்மாவுக்கு இருந்தது. பழைய பவுடர் டப்பா. மூடியில் குண்டுமணி அளவுக்கு ஒரு பள்ளம்.


எண்ணெய்த் தலைக்குப் பின் கர்ல் நிற்காது. வழுக்கும். சீயக்காய் போட்டோ ஷாம்பு போட்டோ எண்ணெய் முழுக்கப் போக வேண்டும். கண்டிஷனர் வேண்டாம்.

சொட்டச் சொட்ட ஈரத்திலும் சுற்றக் கூடாது. நம் முடி கனம். சுருளுக்குள் மாட்டிய தண்ணீர் விடியும்வரை அப்படியே இருக்கும். ஃபேனுக்குக் கீழ் உட்கார்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதம்.

இடுப்பு வரை முடி இருப்பவர்களுக்கு இது வராது. கனமே அலையை இழுத்துவிடும். தோள் வரை நல்லது. உள்ளுக்குள் படிப்படியாக வெட்டியிருந்தால் இன்னும் நல்லது.


பிடிப்புக்கு ஆளி விதை. ஒரு கரண்டி விதை, ஒரு டம்ளர் தண்ணீர். கொதித்து வழவழவென்று வரும்போதே இறக்கி, சூட்டோடு துணியில் வடிகட்ட வேண்டும். ஆறினால் துணியை விட்டு இறங்காது.

பழைய நாளில் அமெரிக்காவில் சீமை மாதுளை விதையின் கொழகொழப்பை உபயோகித்திருக்கிறார்கள். இங்கே செம்பருத்தி இலை. வெண்டைக்காய். சமையலறையிலேயே கிடக்கிற சங்கதிகள்.


ரீட்டா ஹேவொர்த்துக்கு முதலில் மார்கரீட்டா கான்சீனோ என்று பெயர். அப்பா ஸ்பெயின்காரர், நடனக்காரர். இந்தப் பெண்ணுக்குக் கறுப்பு முடி. நெற்றியில் தாழ இறங்கிய மயிர்க்கோடு.

மின்சார ஊசி வைத்து மயிர்க்கோட்டை மேலே ஏற்றினார்கள். ஒவ்வொரு மயிர்க்காலாக. மாதக் கணக்கில். பிறகு சிவப்புச் சாயம். பிறகு புதுப் பெயர்.

'கில்டா' கறுப்பு வெள்ளைப் படம். அந்தச் சிவப்பைத் தியேட்டரில் யாரும் பார்க்கவில்லை.


1946 ஜூலை 1. பிகினித் தீவு. சோதனைக்குப் போட்ட அணுகுண்டின் பெயர் 'கில்டா'. மேலே ரீட்டாவின் படம் ஒட்டியிருந்தது.

அவருக்கு அது பிடிக்கவில்லை. கோபப்பட்டார்.


அதே வருஷம். ஆர்சன் வெல்ஸ், அப்போது கணவர், 'தி லேடி ஃப்ரம் ஷாங்காய்' படத்துக்காக அந்த நீள முடியைக் கத்தரிக்க வைத்தார். பத்திரிகைப் படக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. மிச்சத்தை வெளுக்க வைத்தார்.

ஸ்டூடியோ முதலாளி ஹாரி கோனுக்கு ஆத்திரம். தன் சொத்தைக் கேட்காமல் வெட்டிவிட்டார்கள் என்று.

தலை யாருடையது?


ஜீன் ஹார்லோ. 1931, 'பிளாட்டினம் பிளாண்ட்'. வெள்ளி நிற முடி. வேர் வளர வளர வெளுக்க வேண்டும். கடைசி வருஷங்களில் வெள்ளியை விட்டு இளம் பழுப்புக்கு மாறினார். 1937-இல் இறந்தார். 26 வயது.

முடிக்குப் போட்ட மருந்து கொன்றது என்று வெகுநாள் பேச்சு. அது இல்லை. சிறுநீரகம்.


1920-களின் நடுவரை புழக்கத்தில் இருந்த ஃபிலிமில் மஞ்சளும் சிவப்பும் கறுத்துப் பதியும். பொன்முடிக்காரி திரையில் கறுப்பாகத் தெரிவாள். பிறகு எல்லா நிறத்தையும் வாங்குகிற ஃபிலிம் வந்தது. அதற்கப்புறம்தான் ஹார்லோ.


பின் விளக்கு. தலைக்குப் பின்னாலிருந்து, மேலேயிருந்து. முகடு மினுங்கும், பள்ளம் இருளும். பழைய ஸ்டில்களில் பார்க்கிற அலையில் பாதி அந்த விளக்கு.

வீட்டு ட்யூப்லைட்டில் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். மனம் தளர வேண்டாம். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று கண்ணாடி பார்க்க வேண்டும்.


எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ்ப் படம் எடுத்தவர். 1945-இல் வந்த 'மீரா'வுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையை அச்செடுத்துச் சிலையாக வைத்துக்கொண்டு, அவரும் ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியும் விளக்கை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

நடிகை அங்கே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.


நம்மூரில் சினிமா பார்த்து வைத்துக்கொண்ட தலைகளில் பெரிய பேர் வாங்கியது ஆண்களுடையது. பாகவதர் கிராப். பிடரியில் புரளும் முடி. கிராமத்து நாடகக்காரர்கள் வரை போனது.


1960-களின் உயரக் கொண்டை வேறு வித்தை. முடியை வேர்ப்பக்கமாகத் திருப்பிச் சீவிப் புசுபுசுக்க வைத்து, உள்ளே சவுரி. அதில் பின் கர்லுக்கு வேலை இல்லை.

1940-களில் அமெரிக்கப் பெண்களும் உள்ளே ஒன்று வைத்தார்கள். சீப்பில் வரும் தங்கள் சொந்த முடியையே சேர்த்து உருட்டி. அவர்கள் பாட்டிமார் காலத்தில் மேசைமேல் அதற்கென்று மூடி போட்ட பீங்கான் கிண்ணம்கூட இருந்தது. மூடியில் விரல் நுழையும் அளவுக்குத் துளை.

உதிர்ந்த முடியைச் சுருட்டித் துப்பிவிட்டுப் போடு என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிண்ணம் ஆச்சரியம்.


இப்போது 1940 காலத்துக் கதை எடுத்தால் தலையில் பெரும்பாலும் விக்.

திருப்பதியில் இறக்கும் முடி ஏலம் போகிறது. விக்காகவும் ஒட்டுமுடியாகவும் கடல் தாண்டுகிறது.


காலை. பின்னை எடுக்கும் முன் பிடரியில் ஒரு சுருளை மட்டும் அவிழ்த்துப் பார். லேசாகக் குளிர்ந்தால்கூடக் காயவில்லை. திரும்பச் சுற்றிக் குத்து. காத்திரு.

எல்லாம் காய்ந்த பிறகு கீழ் வரிசையிலிருந்து எடு. மேலிருந்து எடுத்தால் சிக்கு.

எடுத்ததும் பார்க்கப் பயமாக இருக்கும். ஸ்பிரிங் ஸ்பிரிங்காக, காதுக்கு மேலே. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அழுது தலையை நனைத்துவிடுகிறார்கள்.

நனைக்கக் கூடாது. சீவ வேண்டும். நன்றாக, அழுத்தி, முடி முழுக்க ஒன்றாகும் வரை. சீவச் சீவ ஸ்பிரிங் எல்லாம் கரையும், புசுபுசுவென்று ஒரு மேகம் வரும், அதையும் தாண்டிச் சீவினால், ஏதோ ஒரு இழுப்பில், முடி தானாக மடிந்து வரிசையாக விழும். வேலை சுருட்டுவதில் பாதிதான். மீதி சீவுவதில்.

விழுந்த மடிப்பை இடக்கையால் பிடித்து, சீப்பால் லேசாக மேலே தள்ளினால் முகடு கூர்மையாகும். உள்ளங்கையில் ஒரு துளி தேங்காய் எண்ணெய். ஒரே துளி. இப்போது எண்ணெய் போடலாம்.


தலையணைக்குப் பழைய பட்டுப் புடவைத் துண்டு. பருத்தி முடியை இழுக்கும்.

தலைக்கு மெல்லிய ஸ்கார்ஃப். ஒருக்களித்துப் படுத்தால் காதோரப் பின் குத்தும். அந்தக் காலத்தில் ஆலையிலும் ஆபீஸிலும் வேலை பார்த்த பெண்கள் இப்படித்தான் படுத்துத் தூங்கினார்கள். நட்சத்திரத்துக்கு ஸ்டூடியோவில் ஆள் இருந்தது.


சிட்னி கிலராஃப். எம்.ஜி.எம் ஸ்டூடியோவில் 1930-களிலிருந்து தலை அலங்காரத்துக்குத் தலைமை. நடிகை லூசில் பாலின் சிவப்பு முடி அவர் கைவண்ணம்.

ஆஸ்கரில் ஒப்பனைக்கு நிலையான பரிசு வந்ததே 1981 படங்களுக்குத்தான். அந்தப் பிரிவின் பெயரில் தலை அலங்காரமும் சேர்ந்தது 2012-இல். கிலராஃப் 1997-இல் இறந்துவிட்டார். ஆஸ்கர் வாங்காமலே.

இது அநியாயம். முடிதான் அந்தப் படங்களில் முதலில் கண்ணில் படுவது.


தமிழ்ப் படங்களின் பழைய டைட்டில் கார்டுகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். 'மேக்கப்' இருக்கிறது. 'உடை' இருக்கிறது. முடிக்கென்று தனிப் பெயர் பல படங்களில் இல்லை.

யாரோ ஒருவர் விடிகாலையில் வந்து ஈர முடியைச் சீவிப் பிரித்திருக்கிறார்.


உங்கள் வீட்டில் 1950-களிலோ 60-களிலோ ஸ்டூடியோவில் எடுத்த பெண்களின் போட்டோ இருந்தால் முன்நெற்றியைப் பாருங்கள். ஒரு வளைவு இருக்கும். அந்தப் பாட்டி இன்னும் இருந்தால், அதை எதை வைத்துப் படிய வைத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், யார் சீவிவிட்டது என்று கேளுங்கள். போட்டோவின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம். மை முன்பக்கம் ஊறும்.