சிடிசி 12 லட்சம், கையில் எவ்வளவு?

"மாமா, மாசம் ஒரு லட்சம்!" என்று துள்ளினான் புது வேலைக்கு ஆஃபர் வாங்கிய அக்கா மகன். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

சிடிசி, அதாவது நிறுவனம் அவனுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தம், 12 லட்சம். அதில் பாதி பேசிக். பேசிக்கில் 12% நிறுவனத்தின் பிஎஃப் பங்கு, 72,000. கிராஜுவிட்டி 4.81%, ஏறக்குறைய 29,000. வேரியபிள் சிடிசியில் 10%, அதாவது 1,20,000. அது ஆண்டு முடிவில், அதுவும் முழுதாக வந்தால். மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, அவன் பங்கு பிஎஃப் 6,000 கழித்தால் மாதம் சுமார் 75,600. வரி இருந்தால் அது தனி. பயலுக்கு முகம் தொங்கிவிட்டது.

பேரம் பேச நேரம் இதுதான்டா என்றேன். ஆஃபர் வந்தபின், ஒப்புக்கொள்ளும் முன். பழைய வேலையில் ராஜினாமா கொடுத்துவிட்டுப் பேசினால் பிடி புது நிறுவனத்தின் கையில். (கேம்பஸில் எடுக்கும் புதுப் பையன்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் செல்லாது. எல்லோருக்கும் ஒரே தொகைதான்.)

மொத்தத்தை ஏற்ற மாட்டோம் என்றால் வேரியபிளைக் குறைத்து ஃபிக்ஸடில் சேர்க்கச் சொல்லலாம். அதுவும் நடக்காதா? பழைய வேலையின் 90 நாள் நோட்டீஸை முடிக்காமல் வரக் கட்டவேண்டிய பைஅவுட் பணத்தைக் கேட்கலாம். இப்போதைய சம்பளத்தை மட்டும் கூட்டிச் சொல்லக்கூடாது. பே ஸ்லிப் கேட்பார்கள், மானம் போகும்.

ஜாயினிங் போனஸ் தந்தால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்ன எதையும் மெயிலில் கேட்டு வாங்குங்கள். எச்ஆர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு இது தினசரி வேலை.