ஒத்திக்குப் போன மணல்

ஆலந்தூர்,
ஞாயிறு இரவு.

மாப்ள,

இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. நீ வந்த மூன்று தடவையும் உன்னை மெரினா, தி.நகர், வண்டலூர் என்றுதான் இழுத்துக்கொண்டு அலைந்தேன். பாரிமுனையோடு சென்னை முடிந்துவிடுகிறது என்பது என் கணக்கு. இன்று காலை என்னவோ தோன்றி, மெட்ரோவில் கடைசி ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்தேன். விம்கோ நகர் பணிமனை. விம்கோ! நம்ம ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வயிற்றெரிச்சலோடு சொல்வார்களே, அதே விம்கோதான். சுவீடன்காரர்கள் மெஷின் வைத்துத் தொடங்கிய கம்பெனி, இங்கே ரயில் நிற்கும் இடத்துக்குப் பெயராகிவிட்டது.

தண்டையார்பேட்டை வரை பூமிக்குள் போன ரயில் அதைத் தாண்டியதும் மேலே ஏறுகிறது. காலடிப்பேட்டை என்று அறிவிப்பு வந்ததும் எந்தச் சாமியின் காலடியோ என்று நினைத்தேன். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் துரை நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டையாம் அது. காலெட் பேட்டை நம் வாயில் விழுந்து பக்தியாகிவிட்டது.

கடைசி ஸ்டேஷன் வரை போகாமல் திருவொற்றியூர்த் தேரடியிலேயே இறங்கிக் கோயிலுக்குப் போனேன். சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, பிறகு அதை மீறிக் கண்ணை இழந்த கதை இந்த ஊரில் நடந்ததுதான். எனக்கு மனதில் நின்றது ஊர்ப் பெயர். பிரளய வெள்ளத்தை ஈசன் ஒற்றிப் போகச் செய்ததால் ஒற்றியூர் என்கிறது தலபுராணம். ஒற்றி என்றால் நம்ம ஊர் ஒத்தியும்தான். பணத்தைக் கொடுத்து, திருப்பும்வரை வீட்டில் இருந்துகொள்வோமே, அது. கடலை விலக்கிய ஊரின் பெயருக்குள் அடமானமும் உட்கார்ந்திருக்கிறது.

அங்கிருந்து எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ. இடது கைப்பக்கம் கன்டெய்னர் லாரிகள் எறும்பு வரிசையாக நின்றன. வலது கைப்பக்கம் கடலைக் காணோம், கருங்கல் குவியல்தான் தெரிந்தது. கல்லின் மேல் ஏறினால்தான் கடல். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, இங்கே மணலே இல்லையா?" என்று கேட்டேன். அவர் அலைப் பக்கம் கையைக் காட்டினார். "எங்க தெரு அங்கதான் கீது தம்பி. அதுக்கு அந்தாண்ட இன்னொரு தெரு, அதுக்கும் அந்தாண்டதான் மணல்." முழுகிப்போன தெருவை அவர் 'இருந்தது' என்று சொல்லவில்லை, கவனித்தாயா?

இதில்தான் எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். முன்பு கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை அடித்துக்கொண்டிருந்தது. 1875-க்குப் பிறகு துறைமுகச் சுவரைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1881-இல் புயல் அதை உடைத்துப்போட்டது, மறுபடி கட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் சுவரில் முட்டித் தெற்கே தேங்கியது. அப்படி அகன்ற கரைக்கு மெரினா என்று பெயர் வைத்து 1884-இல் நடைபாதை போட்டார் கிராண்ட் டஃப். சுவருக்கு வடக்கே மணல் வராமல் போனது, அலை வருவது மட்டும் நிற்கவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. அதற்குத்தான் இந்தக் கல்லும், கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளும். நீயும் நானும் சுண்டல் தின்ற மணல் இவர்களுடையது மாப்ள. பத்தொன்பது வருஷமாக நான் ஒத்தி வீட்டில் காற்று வாங்கியிருக்கிறேன்.

முகத்துவாரத்தில் கொசஸ்தலையாறு கடலைத் தொடுகிறது. 1970-இல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நின்றுபோயிற்று. அதே 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மனிதர்கள் வாளியில் அள்ளியதை டிவியில் பார்த்தோமே, இந்தக் கரையோரம்தான். அன்று நான் சோறு தின்றுகொண்டே பார்த்தேன், இருபது மைல் தள்ளி நடக்கிறது என்று உறைக்கவில்லை. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். சாம்பல் படிந்த சேற்றில் விரல் எப்படி இறாலைக் கண்டுபிடிக்கிறதோ, வெகுநேரம் பார்த்தும் பிடிபடவில்லை.

திரும்பும்போது ராயபுரம். இங்கும் ராயர் யாரும் இல்லை. ராயப்பர், அதாவது செயின்ட் பீட்டர். அவரும் மீன் பிடித்தவர் என்பதால் படகுக்காரர்கள் அவருக்குக் கோயில் கட்டியதில் ஆச்சரியமில்லை. பக்கத்திலேயே, தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலையில் வாலாஜாவுக்குக் கிளம்பிய ஸ்டேஷன். தூண்கள் அழகு. நான் போனபோது நடைமேடையில் ஒரு நாயும் நானும்தான்.

காசிமேட்டில் அரைக் கிலோ இறால் வாங்கினேன். வீடு வந்து சேருமுன் ஐஸ் உருகிப் பஸ்ஸில் சொட்ட, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

தையில் நீ வருவதாகச் சொன்னாயே, எழும்பூரில் இறங்கு, இந்தத் தடவை வடக்கே போகலாம். அதற்குமுன் ஒரு வேலை செய். அத்தை தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய காலத்தில் விம்கோவைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுது. திட்டியிருந்தால் திட்டையும் அப்படியே எழுது.

உன்,
மாப்ள